அரைப்பேர்

மூன்றாம் நம்பர் மலையில்
தண்ணீர் டாங்கிக்குப் பின்னால்
ஒரு கல்லின் மேல் மட்டும்தான் சிக்னல்.
இரண்டு கோடு. மழைக்கு முன்னால் மூன்று.
அந்தக் கல்தான் என் அலுவலகம்.

காலையில் காளான் விற்கிறேன்.
சிப்பிக் காளான், இருநூறு கிராம்,
ஸ்டேட்டஸில் படம், படத்தின் கீழ்
'மலைக்காற்றில் வளர்ந்தது' என்று ஒரு வரி.
வளர்ந்தது எங்கள் காம்பராவில்,
கட்டிலுக்கடியில், மரத்தூள் பையில்.
நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள்.
ஒருத்தி கேட்டாள்: 'லொகேஷன்?'
அனுப்பினேன்.
வரைபடத்தில் பெயர் இருந்தது
தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும்.
மிச்சமெல்லாம் பச்சை.
அதன் நடுவே என் சிவப்புப் புள்ளி
அட்டை கடித்த இடம் மாதிரி.

மத்தியானம் வேலை தேடுகிறேன்.
சுயவிவரத்தை ஒன்பது தரம் திருத்தியாயிற்று.
மருதவீரன் மோகனதர்ஷினி.
உயர்தரம், வணிகம், ரெண்டு பீ, ஒரு சீ.
விலாசத்தில் லயம், டிவிஷன், தோட்டம்,
பொகவந்தலாவை என்று போட்டால்
'தெருப் பெயர் கட்டாயம்' என்று
படிவம் சிவக்கிறது.
ஐந்தாம் தெரு என்று எழுதினேன்.
லயத்து வாசலில் ஓடும் கானுக்கு
அன்றிலிருந்து அதுதான் பெயர்.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி பதில் போட்டது.
தேயிலை ஏற்றுமதி. சமூக ஊடகப் பிரிவு.
வீட்டிலிருந்தே செய்யலாம்.
முதலில் ஒரு பரீட்சை:
இந்தப் படத்துக்கு, வாங்கத் தூண்டும்படி,
இருபது சொல். நாளை பத்து மணிக்குள்.

படம் மேலிருந்து கீழாக
மெல்ல மெல்ல இறங்கியது.
பனி. மலை. சிவப்புத் துண்டு. நெற்றி.
சிரிப்பு வந்ததும் தெரிந்துவிட்டது,
ஆறாம் காம்பரா அன்னபாக்கியம் அக்கா.

கொழுந்து மடுவத்தில் அவளைப் பிடித்தேன்.
படங்கை உதறிவிட்டுத் திரையை வாங்கினாள்.
விரல்களால் பெரிதாக்கினாள்,
முகத்தையல்ல, கூடையை.

"இது வேன்ல கொண்டாந்த கூட.
நாங்க சாக்குதானே கட்டுறோம்.
மேல ரெண்டு புடி கொழுந்து,
அடியில அந்தாளோட மழக்கோட்டு.
திரும்பு, ஏறு, சிரின்னு
ஒரு மணித்தியாலம் போச்சு.
அன்னிக்கு நெறுவையில கொறஞ்சிருச்சு.
அரைப்பேர்தான் போட்டாங்க."

போனைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:
"இதுல எம் பேரு எங்க போட்டிருக்கு?"

இரவு கல்லில் உட்கார்ந்தேன், தலையில் யூரியா பையோடு.
'மலைமுகட்டின் தூய்மை உங்கள் கோப்பையில்...'
எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.
இருபதையும் முடித்து, ஓர் இலைப் பொம்மையும் வைத்தேன்.
எனக்கு இது நன்றாக வருகிறது.
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு இன்னொன்று எழுதினேன்:

*இவர் பெயர் அன்னபாக்கியம்.
இந்தப் படம் எடுத்த நாளில் இவருக்கு அரைச்சம்பளம்.
கூடை இவருடையதல்ல.
சிரிப்பு கேட்டு வாங்கியது.
கொழுந்து இவர் பறித்தது.
தேநீர் நன்றாகவே இருக்கும்.*

எண்ணிப் பார்த்தேன். அதுவும் இருபது.

இரண்டையும் அனுப்பினேன்.
தைரியசாலி என்று நினைக்க வேண்டாம்,
தூய்மையைத்தான் முதலில் அனுப்பினேன்.
மற்றதை அனுப்புவதற்குள்
டேட்டா முடிந்து,
கடை மூடுவதற்கு முன் கீழே ஓடி
ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் போட்டுத்
திரும்ப ஏற வேண்டியிருந்தது.
அந்த ஏற்றத்தில் இரண்டு தரம் நின்றேன்.

காலையில் காளான் படத்தின் கீழ்
'மலைக்காற்றில்' என்பதை அழித்துக்
'கட்டிலுக்கடியில்' என்று மாற்றினேன்.
ஹட்டனிலிருந்து ஒருத்தி
சிரிப்புப் பொம்மை மூன்று போட்டு
ஆறு பாக்கெட் கேட்டாள்.
பஸ்ஸில் கொடுத்துவிடட்டாமா என்றாள்.

பத்து மணி தாண்டியது.
கொழும்பில் இரண்டு கோடும் நீலமாகி
அப்படியே கிடந்தன.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, சிக்னல் மூன்றானது.
'டைப்பிங்' என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.